என் பக்கத்துச் சுவருக்கு மட்டும் மருந்து

ஜூன் 4

மர பீரோவை நகர்த்தியது தப்பாகப் போயிற்று. நகர்த்தாமல் இருந்திருந்தால் இன்னும் கொஞ்ச நாள் நிம்மதியாக இருந்திருப்பேன்.

மூக்குக் கண்ணாடியின் திருகாணி உருண்டு பீரோவுக்கு அடியில் போய்விட்டது. அதை எடுப்பதற்காக நகர்த்தினேன். பின்னால் சுவரில் தரையிலிருந்து மேலே ஓடு வரைக்கும் விரல் தடிமனில் ஒரு மண் கோடு. துடைப்பக் குச்சியால் கீறினேன். உள்ளே வெள்ளை வெள்ளையாகக் கரையான் ஓடியது.

பீரோவைத் திறந்தால் மேல் தட்டு நன்றாக இருந்தது. அடித்தட்டில் என் வீட்டுக்காரருடைய சட்டைகள் இரண்டு, பன்னிரண்டு வருஷமாக மடித்து வைத்தவை. மேல் மடிப்பு அப்படியே இருந்தது. கையில் எடுத்ததும் நடுவிலிருந்து மண்ணாகக் கொட்டியது. அவர் போன பிறகு எடுத்துக்கொடுக்க மனமில்லாமல் வைத்திருந்தவை. கொடுத்திருந்தால் யாராவது உடுத்திக் கிழித்திருப்பார்கள்.

மண்ணெண்ணெய் ஊற்றினேன். வாடையில் இன்று சாப்பாடு இறங்கவில்லை.

ஜூன் 7

அழித்த இடத்திலேயே மறுபடியும் மண் கோடு. மூன்றே நாளில். அதே தடிமன், அதே வழி.

ஜூன் 11

சத்தியமங்கலத்திலிருந்து மருந்து அடிக்கும் இருதயராஜ் வந்தார். ஐம்பது வயதிருக்கும். திருப்புளியின் கைப்பிடியால் கதவு நிலவுகளையும் ஜன்னல் சட்டங்களையும் தட்டிக்கொண்டே போனார். சில இடத்தில் 'டக் டக்' என்றது. சில இடத்தில் காலி டப்பாவைத் தட்டிய சத்தம். அந்த இடம் வரும்போதெல்லாம் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

நடுச்சுவருக்கு வந்ததும் ரொம்ப நேரம் நின்றார். அண்ணாந்து விட்டத்தைப் பார்த்தார்.

"இந்தச் சுவத்துக்கு அந்தப் பக்கம் யாருங்கம்மா?"

"வேற குடும்பம்" என்றேன்.

"விட்டம் ஒண்ணேதானுங்களே, இங்கிருந்து அங்க வரைக்கும் போகுது. செல்லு சுவத்துக்குள்ளதான் ஏறுது. நீங்க மட்டும் மருந்து அடிச்சீங்கன்னா அது சாகாதுங்க, அந்தப் பக்கம் போயிரும். ரெண்டு வீடும் ஒரே நாள்ல பண்ணோணும். அவியகிட்ட ஒரு வார்த்தை சொல்லீருங்க."

இங்கே கரையானுக்குச் செல்லு என்றுதான் பேர். சொல்லிப் பார்க்கிறேன் என்றேன்.

வேற குடும்பம் என்று சொன்னது பொய்யில்லை. அவள் வேறு குடும்பம்தான்.

ஜூன் 13

பால் சங்கத்தில் முப்பது வருஷம் பால் சோதனை செய்து பதிவேட்டில் எழுதிய கை இது. உள்ளதை உள்ளபடி எழுதித்தான் பழக்கம். அதனால் இதையும் எழுதிவிடுகிறேன்.

இந்த வீடு அப்பா கட்டியது. எங்களுக்கு அண்ணன் தம்பி கிடையாது. நான் மூத்தவள், தெய்வானை ஐந்து வயது இளையவள். அப்பா போன பிறகு வீட்டை நடுவில் பிரித்தோம். மேற்குப் பாதி எனக்கு, கிழக்குப் பாதி அவளுக்கு. சுவர் எழுப்பும்போது கொத்தனார் நூல் பிடித்ததில் என் பக்கம் அரை அடி குறைந்திருந்தது. நான் அளவையாளரைக் கூட்டிவந்து அளந்தேன். குறைந்தது உண்மை. இடித்துவிட்டு அரை அடி தள்ளிக் கட்டச் சொன்னேன். தள்ளிக் கட்டியதில் அவளுடைய சமையலறை ஜன்னல் அடைபட்டுவிட்டது.

"அக்கா, அரையடிதானே. வெளிச்சமில்லாம நான் எப்படிச் சமைப்பேன்?" என்று கேட்டாள்.

"சட்டப்படி எதுவோ அதுதான்" என்றேன்.

அன்றைக்குப் பேச்சு நின்றது. ஒன்பது வருஷம் ஆகிறது. அவள் மகள் கோகிலவாணிக்கு அப்போது பதினைந்து வயது. எனக்குக் குழந்தை இல்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்தால் வாணி முதலில் என் வீட்டுக்குத்தான் வருவாள். அதுவும் நின்றது.

நானாகப் போய் அந்த வாசலில் நிற்பதா? செல்லு வந்திருக்கிறது என்று சொன்னால், என் வீட்டிலிருந்து வந்தது என்று அவள் சொல்வாள். அங்கிருந்தே என் வீட்டுக்கு வந்திருக்கலாம். யாருக்குத் தெரியும்?

ஜூன் 17

இன்று மருந்து அடித்தாயிற்று.

இருதயராஜ் வேலை தொடங்குமுன் கேட்டார்: "அந்த வீட்ல சொல்லீட்டீங்களாம்மா? என்ன சொன்னாங்க?"

"அவங்களுக்கு இப்ப வேண்டாமாம்" என்றேன்.

அவர் ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, "அப்ப நாம என்ன பண்றதுங்க" என்று இயந்திரத்தை எடுத்தார். சுவர் ஓரமாக அடிக்கு ஒரு துளை. எல்லாத் துளையிலும் மருந்து ஊற்றி வெள்ளைச் சிமெண்டால் அடைத்தார். நடுச்சுவரில் மட்டும் இரண்டு வரிசை. நிலவுகளுக்கு ஊசி போடுவதுபோல மருந்து ஏற்றினார். சாயங்காலம் வரைக்கும் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன்.

ஜூன் 18

வாடையில் நெற்றி வலிக்கிறது. ஜன்னலெல்லாம் திறந்து வைத்திருக்கிறேன்.

காலையில் தெய்வானையின் வீட்டுக்காரர் மருதாசலம் வாசல் படிக்குக் கீழே நின்று ஏதோ கேட்டார். பதில் சொன்னேன். போய்விட்டார்.

ஜூலை 2

சுவர் சுத்தமாக இருக்கிறது. ஒரு மண் துகள் இல்லை. நிலவுக்குப் புது வர்ணம் அடித்தேன். பீரோவை விற்றுவிட்டு இரும்பு பீரோ வாங்கினேன். தனியாக இருக்கும் பொம்பளை ஒருத்தி தன் வீட்டைத் தானே காப்பாற்றிக்கொண்டாள் என்று நினைக்கும்போது கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

ஜூலை 16

மழை. சுவருக்கும் ஓட்டுக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி உண்டு. அங்கே பேசுவது சில நேரம் இங்கே கேட்கும். இன்று தெய்வானையின் குரல்.

"எங்கிருந்துதான் இந்த மண்ணு கொட்டுதோ, தெனமும் கூட்டறேன். ஏனுங்க, பரணுக்கு மேல ஒருக்கா ஏறிப் பாருங்க."

"ஆடி போகட்டும் பாக்கலாம். எலி கிலி தோண்டியிருக்கும்" என்றார் அவர்.

எலி இல்லை.

டிவி சத்தத்தைக் கூட்டி வைத்தேன்.

ஜூலை 17

காலையில் எழுந்ததும் சொல்லிவிடலாம் என்றுதான் தோன்றியது. சேலை மாற்றி வாசல் கேட் வரைக்கும் போனேன். தெய்வானை அவள் வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்கிப் பார்த்தாள். மறுபடியும் குனிந்துகொண்டாள். நான் குப்பை வண்டிக்காக வந்தவள்போல நின்றுவிட்டு உள்ளே வந்தேன்.

ஆகஸ்ட் 6

பூக்காரம்மா சொல்லித் தெரிந்துகொண்டேன். வாணிக்குக் கல்யாணம் கூடியிருக்கிறதாம். மாப்பிள்ளை பெருந்துறையில் மருந்துக்கடை. ஐப்பசியில் முகூர்த்தமாம்.

"ஏனுங்கம்மா, உங்களுக்குத் தெரியாதுங்களா?" என்று பூவை முழம் போட்டபடி அவள் கேட்டாள். தெரியும் என்றேன்.

மூன்று வயதில் காது குத்தும்போது வாணி என் மடியில்தான் உட்கார்ந்தாள். வேறு யார் மடியிலும் உட்கார மாட்டேன் என்று அழுதாள்.

கல்யாணத்துக்கு அழைக்க எப்படியும் வருவார்கள். ஊர் மெச்சவாவது வந்துதான் ஆகவேண்டும். வரட்டும். வந்து உட்காரட்டும். காப்பி கொடுத்துவிட்டு, 'விட்டத்தைக் கொஞ்சம் பாருங்க, செல்லு இருக்குது' என்று சொல்லிவிடுகிறேன். அவர்கள் என் வாசல் மிதித்தால் நானும் சொல்வேன். அதுதான் முறை.

ஆகஸ்ட் 24

இன்னும் வரவில்லை.

ஆகஸ்ட் 27

எழுத முடிகிறதா என்று பார்க்கிறேன்.

காலை பத்து மணி இருக்கும். வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். அந்தப் பக்கம் மரம் முறியும் சத்தம். பிறகு பாத்திரங்கள் விழும் சத்தம், கல்லில் அடிபட்ட பித்தளை. பிறகு வாணியின் குரல், "அம்மா!"

வாசல் வழியாகத் தெருவில் இறங்கி ஓடினேன். ஒன்பது வருஷத்துக்குப் பிறகு அந்த வீட்டுக்குள் கால் வைத்தேன். யாரும் வா என்று சொல்லவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை.

சமையலறையில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பட்டப்பகலில் விளக்கு. தெய்வானை தரையில் மல்லாந்து கிடந்தாள். பக்கத்தில் அம்மாவின் பெரிய அண்டா. கல்யாணத்துக்குப் பாத்திரம் துலக்கி வைப்பதற்காகப் பரண்மேல் ஏறியிருக்கிறாள். பரணைத் தாங்கும் சட்டம் நடுவில் இரண்டாக முறிந்து தொங்கியது. முறிந்த இடத்தில் மரமே இல்லை. வர்க்கி மாதிரி ஏடு ஏடாக இருந்தது. வெளிச்சம் பட்டதும் கரையான் உதிர்ந்து அவள் தலைமுடியில் விழுந்தது.

நான் மண்டியிட்டு அதைத்தான் முதலில் பொறுக்கினேன். ஏன் என்று தெரியவில்லை.

"அக்கா" என்றாள் தெய்வானை. "அக்கா, எனக்குக் காலு இருக்குதா? தெரிய மாட்டேங்குது."

"இருக்குது சாமி. இருக்குது" என்று அவள் பாதத்தைப் பிடித்துக்கொண்டேன். நான் பிடித்தது அவளுக்குத் தெரியவில்லை.

ஆகஸ்ட் 28

ஈரோட்டில் மருத்துவமனை. இடுப்புக்கு மேலே முதுகெலும்பு நொறுங்கியிருக்கிறது. நாளை மறுநாள் அறுவை சிகிச்சை.

செப்டம்பர் 2

வலது காலில் உணர்ச்சி வந்திருக்கிறது. இடது காலைப் பற்றி டாக்டர் எதுவும் சொல்ல மாட்டேன் என்கிறார். "பொறுத்துப் பாக்கலாம்" என்பதோடு சரி.

நான் தினமும் முதல் பேருந்தில் சோறு கொண்டுபோகிறேன். ரசம், பருப்பு, அவளுக்குப் பிடித்த கொள்ளுத் துவையல். தெய்வானை என் கையால் வாங்கிச் சாப்பிடுகிறாள். "நீ வெச்ச ரசம் அம்மா வெச்ச மாதிரியே இருக்குது" என்றாள். "இந்தச் சண்டையெல்லாம் எதுக்குப் போட்டோம் அக்கா? கீழ விழுந்தாத்தான் நீ வருவேன்னு தெரிஞ்சிருந்தா முன்னாலயே விழுந்திருப்பேன்" என்று சிரிக்கப் பார்த்தாள். வலியில் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

நான் எழுந்து டப்பாக்களைக் கழுவப் போனேன்.

செப்டம்பர் 9

இன்று மருதாசலத்தோடு மருத்துவமனை வராந்தாவில் உட்கார்ந்திருந்தேன். ஆள் பாதியாகிவிட்டார். முகம் மழிக்கவில்லை.

"நாந்தானுங்க காரணம், நங்கையா" என்றார். "மண்ணு கொட்டுது, மேல ஏறிப் பாருங்கன்னு அவ எத்தனை தடவை சொன்னா. ஆடி போகட்டும் ஆடி போகட்டும்னு தள்ளிப்போட்டேன். அன்னிக்கே ஏறிப் பாத்திருந்தா சட்டத்தை மாத்தியிருக்கலாம். என்ற கையாலயே அவளைத் தள்ளிவிட்ட மாதிரி இருக்குதுங்க. சோறு எறங்க மாட்டேங்குது."

நான் அவருக்கு ஆறுதல் சொன்னேன். உங்கள் மேல் தப்பில்லை என்று சொன்னேன். அது மட்டும் உண்மை.

ஜூன் பதினெட்டாம் தேதி அவர் என்ன கேட்டார், நான் என்ன சொன்னேன் என்று இதில் எழுதாமல் விட்டிருக்கிறேன். பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். 'பதில் சொன்னேன்' என்று மட்டும் இருக்கிறது. உள்ளதை உள்ளபடி எழுதும் கை.

அன்றைக்கு அவர் கேட்டது: "நேத்துப் பூராவும் துளை போடற சத்தம் கேட்டுதுங்களே நங்கையா. என்னமோ மருந்து வாசம் வேற வருது. செல்லு கிள்ளு ஏதாவதுங்களா? அப்படீன்னா நாங்களும் பாத்துக்கோணுமில்லீங்களா?"

நான் சொன்னது: "அதெல்லாம் ஒண்ணுமில்லை. குழாய் வேலை. வர்ணம் அடிச்ச வாசம்."

ஒன்பது வருஷம் பேசாத மனுஷன், தானாக என் படிக்குக் கீழே வந்து நின்று, பெண்டாட்டியின் அக்கா என்ற முறை விடாமல் நங்கையா என்று கூப்பிட்டுக் கேட்டார். ஆமாம் என்று ஒரு சொல் போதும். அவர் முகத்தில் 'அப்பிடிங்களா' என்று ஒரு நிம்மதி வந்ததை நான் பார்த்தேன். அதையும் எழுதவில்லை.

செப்டம்பர் 21

இருதயராஜை வரவழைத்தேன், அந்தப் பக்கத்துக்கும் சேர்த்து. வாணி ஆஸ்பத்திரியில் இருந்தாள், சாவி என்னிடம் இருந்தது. அவர் முறிந்த சட்டத்தைத் தொட்டுப் பார்த்தார். இடிந்த சமையலறையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"இவிய வேண்டாம்னாங்கன்னு சொன்னீங்களேம்மா."

மதியச் சாப்பாடு செய்ய என் வீட்டுக்கு வந்துவிட்டேன். அவர் மறுபடி கேட்கவில்லை. ஆனால் மதியம் நான் கொண்டுபோன சாப்பாட்டை அவர் தொடவில்லை. பசியில்லை என்றார்.

அக்டோபர் 8

தெய்வானையை வீட்டுக்குக் கொண்டுவந்து ஒரு வாரம் ஆகிறது. நான்கு கால் நடைச் சட்டத்தைப் பிடித்து நடக்கப் பழகுகிறாள். இடது கால் தரையில் இழுபடுகிறது. இது இப்படியேதான் இருக்கும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். கல்யாணத்தைத் தை மாதத்துக்குத் தள்ளி வைத்திருக்கிறார்கள்.

இன்று அவளுக்குத் தலை வாரிவிட்டேன். மருதாசலம் கடைக்குப் போயிருந்தார். வாணி துணி காயப்போடக் கொல்லைக்குப் போயிருந்தாள். பின்னலைப் பின்னிக்கொண்டே சொல்லிவிட்டேன். முகத்தைப் பார்த்திருந்தால் சொல்லியிருக்க முடியாது.

எல்லாவற்றையும் சொன்னேன். இருதயராஜ் சொன்னது, நான் அவரிடம் சொன்ன பொய், மருதாசலத்திடம் சொன்ன பொய், டிவி சத்தம், கேட் வரைக்கும் வந்தது.

அவள் அசையவில்லை. பின்னல் முடிந்தது. ரப்பரை அவளே என் கையிலிருந்து வாங்கிப் போட்டுக்கொண்டாள்.

"தெரிஞ்சேவா அக்கா?"

"ஆமா."

"நாங்க வந்து அழைக்கட்டும்னு இருந்தியா?"

"ஆமா."

"ஆவணி முப்பது வரைக்கும் யாரையும் அழைக்கறதில்லைன்னு மாப்பிள்ளை வீட்ல சொல்லியிருந்தாங்க. மொத அழைப்பு உனக்குத்தான்னு எங்க வீட்டுக்காரர்கிட்டச் சொல்லி வெச்சிருந்தேன். அந்த அண்டாவை எதுக்கு எடுத்தேன்னு நெனைக்கிறே? அது அம்மாவோடது. உனக்குத் தரோணும்னு. அழைக்க வர்றப்ப வெறுங்கையோட எப்படி வர்றதுன்னு இருந்துச்சு."

சீப்பைக் கீழே வைத்தேன்.

அவள் அழவில்லை. திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்:

"என்கிட்டச் சொல்லி உன்ற பாரத்தை எறக்கி வெச்சுட்டே. அவரு தெனமும் தன்னையே திட்டிக்கிட்டு ஒக்காந்திருக்காரு. காலையில மொகம் கழுவறப்பக்கூட அழுகறாரு. நான் சொல்ல மாட்டேன். நீயே போய் அவர்கிட்டச் சொல்லு."

அக்டோபர் 9

சொல்லவில்லை.

அக்டோபர் 13

இன்றும் சொல்லவில்லை. சோறு கொண்டுபோனேன். தெய்வானை வாங்கிக்கொண்டாள். "சொல்லீட்டியா?" என்றாள். இல்லை என்றேன். டப்பாவைத் திறக்காமல் பக்கத்தில் வைத்தாள்.

அக்டோபர் 15

மருதாசலம் அந்தச் சமையலறையில் புதுச் சட்டம் பொருத்திக்கொண்டிருந்தார். இரும்புச் சட்டம். ஏணிமேல் நின்றிருந்தார். கீழே இறங்கச் சொன்னேன். இறங்கியதும் சொன்னேன்.

இவருக்குக் கோபம் வந்தால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது, பார்த்ததில்லை. கத்துவார், அடிக்கக்கூட வருவார், வரட்டும் என்றுதான் போனேன்.

அவர் கையிலிருந்த ஸ்பேனரைத் துணியில் துடைத்தார். துடைத்ததையே மறுபடியும் துடைத்தார்.

"அன்னிக்கு நான் கேட்டனுங்களே" என்றார்.

அவ்வளவுதான். மறுபடியும் ஏணியில் ஏறினார். நான் இன்னும் கொஞ்ச நேரம் நின்றேன். போ என்றும் சொல்லவில்லை, இரு என்றும் சொல்லவில்லை. வந்துவிட்டேன்.

அக்டோபர் 16

அங்கே காலையில் மருதாசலம் மூன்று தோசை சாப்பிட்டாராம். பூக்காரம்மாவிடம் வாணி சொன்னாளாம். நேற்று முகமும் மழித்துக்கொண்டாராம்.

சாப்பாட்டு டப்பாக்கள் கழுவித் துடைத்து என் வாசல் படியில் அடுக்கி வைத்திருந்தார்கள். இனிமேல் கொண்டுவர வேண்டாம் என்று அர்த்தம்.

நவம்பர் 12

தீபாவளி. வாணி தெருவில் எதிரே வந்தாள். "பெரியம்மா, நல்லா இருக்கீங்களா?" என்றாள். அவள் கண் என் முகத்தில் நிற்கவில்லை. அவளுக்கும் தெரிந்திருக்கிறது.

டிசம்பர் 3

அவளுடைய அடைபட்ட ஜன்னலைத் திறக்க, நடுச்சுவரை என் பக்கம் தள்ளிக் கட்டக் கொத்தனாரைக் கேட்டேன். என் பக்கத்திலிருந்து அரை அடி என்ன, இரண்டு அடிகூட எடுத்துக்கொள்ளட்டும், வெளிச்சம் வரட்டும் என்று சொல்லி அனுப்பினேன். மருதாசலம் கொத்தனாரிடம், "வேண்டாமுங்க, வெளக்கு இருக்குது, பழகிப்போச்சு" என்று சொல்லிவிட்டாராம்.

டிசம்பர் 19

இருதயராஜ் ஆறு மாதச் சோதனைக்கு வந்தார். இரண்டு வீட்டிலும் எங்குமே கரையான் இல்லை.

ஜனவரி 21

இன்று அழைக்க வந்தார்கள்.

அவர்கள் கேட்டிலிருந்து என் கேட்டுக்கு இருபது எட்டு. ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். தெய்வானை நடைச் சட்டத்தை முன்னால் வைத்து, வலது காலை எடுத்து, இடது காலை இழுத்து வந்தாள். மருதாசலம் ஒரு கையில் வெற்றிலைத் தட்டும் மறு கையில் அவள் முழங்கையுமாகக் கூடவே வந்தார். அவள் பட்டுச்சேலை கட்டியிருந்தாள். படியேறக் கால் மணி நேரம் ஆயிற்று. நான் கை கொடுக்கப் போனேன். அவர் வழிவிடவில்லை.

உள்ளே வந்து உட்காரச் சொன்னேன். காப்பி போட்டு வைத்திருந்தேன். "இன்னும் நாலு வீடு இருக்குதுங்க" என்றார் மருதாசலம். நங்கையா என்று அவர் சொல்லவில்லை. நின்றபடியே தட்டை நீட்டினார்கள். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன். தண்ணீராவது குடியுங்கள் என்றேன். வேண்டாம் என்று தலையசைத்தார்கள்.

அவள் என் முகத்தைப் பார்த்துப் பேசினாள். கோபமில்லை. ஊரில் எல்லா வீட்டிலும் எப்படிச் சொல்லியிருப்பாளோ அப்படியே, சிரித்த முகமாகச் சொன்னாள்.

"பொண்ணு கல்யாணமுங்க. நீங்க கண்டிப்பா வரோணும். முந்தின நாளே வரோணும்னு இல்லைங்க, முகூர்த்தத்துக்கு வந்தாப் போதுங்க."

என் இடுப்பில் தூக்கி வளர்த்தவள். ஐம்பத்தாறு வருஷத்தில் இன்றுதான் என்னை 'நீங்க' என்கிறாள்.

அழைக்க வந்தவர்களுக்கு என்ன சொல்ல வேண்டுமோ அதைத்தான் சொன்னேன்.

"சரிங்க" என்றேன். "வர்றேனுங்க."